பத்தரை மணிப் பூ

களை இல்லக்கா இது.

ஐயோ, ஒட்டுக்கேக்கலை. நீங்க போன்ல சொன்னது தானா காதுல விழுந்துச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு டப்பாவுல களைய நட்டு, கைக்குழந்தை மாதிரி மடியில வச்சிக்கிட்டு வருதுன்னு சொன்னீங்கல்ல. பரவால்லக்கா, அதுக்கென்ன. நானே மொத தடவை பார்த்தப்ப களைன்னுதான் நினைச்சேன். நாலு விரல் உயரம், மங்கலா ஒரு பச்சை, சட்டைப் பொத்தான் அளவுக்குப் பூ. வழியில இருந்தா மிதிச்சிட்டுப் போயிடுவோம். சாமந்தி, சூரியகாந்தி எல்லாம் இதுக்குச் சொந்தந்தான். நம்ம வீடுகள்ல இருக்கும்ல, பணக்காரச் சொந்தம் நாலு, கண்டுக்காத சொந்தம் ஒண்ணுன்னு. அந்தக் கண்டுக்காத சொந்தம் இது.

பூ எங்கயா? இதோ, கூம்பிக்கிட்டு மூணு இருக்கு பாருங்க. மொட்டு இல்ல, நேத்தே பூத்தது. சாயங்காலம் மூடிக்கும், மறுநாள் விரியும். விரிஞ்சா நல்ல மஞ்சள். மணி என்னக்கா ஆகுது? ஒன்பதே முக்காலா. அப்ப இன்னும் நேரம் இருக்கு.

எதுக்கு நேரம்னா... சொல்றேன். நீங்க எங்க இறங்கணும்? அப்ப எனக்கு அப்புறம்தான் நீங்க. நான் தோட்டத்து ஸ்டாப்.

நான் இப்படியெல்லாம் பேசற ஆளே இல்லக்கா. வீட்டுக்கு யாராவது வந்தா உள் ரூம்ல போய்த் துணி மடிப்பேன். மடிச்ச துணியையே பிரிச்சு மடிப்பேன். வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துடுமான்னு அம்மா கேப்பாங்க. காலேஜ்ல மூணு வருஷம் தாவரவியல் படிச்சேன், வகுப்புல ஒரு சந்தேகம் கேட்டதில்ல. செடிகிட்ட வேலைன்னதும் எங்க வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. அதுங்க பதில் எதிர்பார்க்காதுல்ல.

ஆமா, அந்தத் தோட்டத்துலதான். பூங்கா இல்லக்கா, அது எதிர்ப்பக்கம். எங்களது பின்னாடி, நிழல்வலை போட்ட ஷெட்டு நாலு இருக்கும். இனி இல்லவே இல்லன்னு ஆகப்போற செடிகளைக் கொண்டுவந்து, பெருக்கி, திரும்ப மலையில விடுற வேலை. மேடம் ஒருத்தங்க, நான், அப்புறம் தண்ணி விடுறதுக்கு ஒரு அண்ணன். எந்நேரமும் தோள்ல குழாயச் சுத்திக்கிட்டுத் திரிவாரு, அதனால குழாயண்ணன். அவர் என்னைய பூனைன்னு கூப்பிடுவாரு. சத்தமே இல்லாம வந்து பின்னாடி நிக்கறேனாம். ஒரு மணி கட்டிக்கோ பூனை, எனக்கு நெஞ்சுவலி வந்துடும்னு சொல்வாரு.

இந்தச் செடி உலகத்துலயே ஒரே ஒரு சரிவுலதான் இருந்துச்சுக்கா. பெருமைக்குச் சொல்லலை. ஒரே சரிவுன்னா ஒரே வெடியில போயிடும்னு அர்த்தம். ரோடு போட அந்தச் சரிவுக்கு வெடி வச்சாங்க. மேடம் ஓடிப்போய்த் தேடினப்ப மிச்சம் இருந்தது ரெண்டே செடி. கல்லுக் குவியலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. சாப்பாட்டு டப்பாவுல மண்ணோட வச்சு எடுத்துட்டு வந்தாங்க.

ரெண்டு இருந்தா போதுமே, விதை போட்டுப் பெருக்கலாமேன்னு தோணுதுல்ல? அதுல ஒரு வீம்பு இருக்கு இதுக்கு. தன்னோட மகரந்தத்தத் தானே ஏத்துக்காது. பக்கத்துப் பூவா இருந்தாலும் அது ஒரே செடியோடதுன்னா வேணாம்னுடும். இன்னொரு செடி வேணும். இன்னொரு செடின்னா இன்னொரு சட்டி இல்லக்கா, இன்னொரு பிறப்பு. அதனாலதான் அந்த ரெண்டுமே வேணும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருந்தும் பிரயோஜனம் இல்ல.

செடிங்க வந்த அன்னிக்கே குழாயண்ணன் பேரு வச்சிட்டாரு. மூத்தவ, இளையவ. அப்படிப் பேரெல்லாம் வைக்கக்கூடாது, ஒண்ணு ரெண்டுன்னு நம்பர்தான்னு மேடம் சொன்னாங்க. ஒரு மாசத்துல அவங்களே, ஏம்மா, இளையவ இன்னிக்கு எப்படி இருக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. குணமும் அப்படித்தான். மூத்தவ காலையில எட்டு மணிக்கு டாண்ணு பூ விரிச்சிடுவா. எந்த மண்ணுல வச்சாலும் வளருவா. இளையவ பத்தரைக்குத்தான் கண்ணையே தொறப்பா. நல்ல வெயில் அடிச்சாலும் சரி, பத்தரை. இலை ஓரத்துல மெல்லிசா ஒரு சிவப்பு. நிழல்வலைக்கடியில மங்கிடும், வெயில் பட்டாதான் எடுத்துக்காட்டும். நல்லாப் பாருங்க, பென்சில்ல கோடு போட்ட மாதிரி. தெரியுதா?

ஆமாக்கா. இதுதான் இளையவ. நீங்க சொன்ன களை.

இருங்க, வரிசையாச் சொல்றேன். ரெண்டே ரெண்டு உயிரை வச்சிக்கிட்டு விதைக்கு முயற்சி பண்ண மேடத்துக்கு பயம். முதல்ல துண்டு வெட்டி நட்டுப் பெருக்கிக்கலாம், அப்புறம் கலக்கலாம்னாங்க. நுனியில ரெண்டு கணு வச்சு வெட்டி, மணலும் மக்கின இலையும் கலந்து குழித்தட்டுல குத்தி வச்சா பத்துப் பதினஞ்சு நாள்ல வேர் விடும். வெட்டறது, குத்தறது, லேபிள் எழுதறது எல்லாம் என் வேலை. லேபிள்னா இதோ, இந்த வெள்ளை பிளாஸ்டிக் குச்சி. எப்பவும் ஒண்ணு ரெண்டு பையில கிடக்கும். எந்தச் செடி, எங்க கிடைச்சது, என்ன தேதி. பென்சில்லதான் எழுதணும். பேனான்னா வெயில்ல ஒரே மாசத்துல வெளுத்துடும், பென்சில் எழுத்து அஞ்சு வருஷம் ஆனாலும் அப்படியே நிக்கும். வாயில சொல்லாத, எழுதி வைன்னு மேடம் அடிக்கடி சொல்வாங்க. எனக்கு அது ரொம்ப வசதி.

மேலிடத்துலேர்ந்து ஆள் வந்து எண்ணிப்பார்க்கற நாள் ஒண்ணு வந்துச்சு. அன்னிக்கு ஷெட்டுல மூத்தவ இருநூறு சட்டி, இளையவ இருநூறு சட்டி. வரிசையா, லேபிளோட. வந்தவங்க எண்ணினாங்க, கை குடுத்தாங்க, போனாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் கழிச்சு மொத்தமாப் பூத்துச்சு. ஷெட்டுக்குள்ள நுழைஞ்சா கண்ணு கூசும். களைன்னு சொல்ல மாட்டீங்க.

கண்ணுக்கு மை போடுற பிரஷ் இருக்குல்ல, அத வச்சு மூத்தவ பூவுல தொட்டு இளையவ பூவுல தடவணும். இளையவளைத் தொட்டு மூத்தவகிட்ட. இருபத்திரண்டு நாள். நீங்க ஒரு பூன்னு நினைக்கறது ஒரு பூ இல்லக்கா, நூறு பூ நெருக்கியடிச்சு உக்காந்திருக்கு. அதனால வட்டமாத் தடவணும். கழுத்து பிடிச்சுக்கும். குழாயண்ணன் எதிர்ப்பக்கம் தண்ணி விட்டுக்கிட்டே வம்பு பேசுவாரு. ஒரு நாள் காலையில எட்டே காலுக்கு, இடுப்புல கைய வச்சிக்கிட்டு ரெண்டு வரிசையையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. பூனை, இளையவளும் எட்டு மணிக்கே எந்திரிச்சிட்டா போல, கல்யாணம்னதும் திருந்திட்டாளா அப்படின்னாரு.

நான் சிரிச்சேன்.

விதை வந்துச்சுக்கா. வந்த மாதிரி இருந்துச்சு. நகத்தால நசுக்கினா உள்ள ஒண்ணுமில்ல, பொக்கு. ஒண்ணு ரெண்டு இல்ல, அத்தனையும். மேடம் கண்ணாடிய நெத்திக்கு ஏத்திக்கிட்டு ஒவ்வொண்ணா நசுக்கினாங்க, ராத்திரி வீட்டுக்குப் போகாம. முதல்ல வெயில் அதிகம்னாங்க. அப்புறம் மண்ணு. அப்புறம் தண்ணி. நீ அதிகமா விட்டுட்டியான்னு குழாயண்ணனைக் கேட்டாங்க. அவர் அதுக்கப்புறம் குழாயத் தூக்கி வச்சிட்டு, டம்ளர்ல அளந்து அளந்து ஊத்தினாரு. நானூறு சட்டிக்கும் டம்ளர். குழாயண்ணன் போய் டம்ளரண்ணன் ஆயிட்டேன் பாருன்னு சிரிச்சாரு.

கடைசியில இலையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினாங்க. ஒரே பக்கம் பேப்பர் வந்துச்சு. நானூறு சட்டியும் ஒரே செடி. எல்லாமே மூத்தவ. இளையவ ஒண்ணு கூட இல்ல.

புரியுதாக்கா? துண்டு வெட்டி நடறது பிள்ள பெக்கற மாதிரி இல்ல. அதே ஆள்தான், வேற சட்டியில நிக்கும். அப்ப இருபத்திரண்டு நாளும் நான் மூத்தவளை மூத்தவகிட்டயே காட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

அது எப்படி ஆச்சுன்னா... ஆச்சுக்கா. லேபிள் ஒண்ணு, செடி வேற.

மேடம் எங்க ரெண்டு பேரையும் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. சின்ன ரூம். மூணு பேர் நின்னா அலமாரிக் கதவத் திறக்க முடியாது. மேசையில அந்தப் பேப்பர், மேல அந்த மை பிரஷ். மேடம் கோவப்பட்டா கத்த மாட்டாங்க, குரல் இறங்கிடும். இளையவ விஷயம் எனக்குத் தெரிஞ்சு போச்சு, பண்ணது யாருன்னு நான் ரெண்டாவது தடவை கேக்க மாட்டேன் அப்படின்னாங்க. மேல மின்விசிறி ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் தட்டிக்கிட்டே சுத்தும் அது. அத எண்ணிக்கிட்டு நின்னேன். பன்னெண்டு தட்டு வரைக்கும் எண்ணியிருப்பேன்.

குழாயண்ணன், நான்தாம்மான்னாரு. தப்புதாம்மா, மன்னிச்சிடுங்கன்னாரு.

மேடம் அவரைப் பார்த்து, உங்ககிட்டேர்ந்து இத எதிர்பார்க்கலன்னாங்க. போங்கன்னாங்க. அவ்வளவுதான். அவர் வெளிய வந்து, குழாய ஒழுங்காச் சுத்தி ஆணியில மாட்டிட்டுப் போனாரு. பூட்ஸை விட்டுட்டுப் போயிட்டாரு. முழங்கால் வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ். வலது கால்ல கிழிஞ்ச இடத்துல சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருப்பாரு. ஒன்பது வருஷம் அந்தத் தோட்டத்துல நடந்தது அது. செருப்புக் காலோட கேட் வரைக்கும் போனாரு, நான் ஷெட்டுக்குள்ளேர்ந்து பார்த்தேன்.

நாலு மாசம் ஆச்சு.

பூட்ஸ் அங்கயே மூலையில நின்னுச்சு. யாரோ உள்ள நிக்கற மாதிரியே இருக்கும். தினமும் அதத் தாண்டித்தான் குழாய எடுக்கணும். ஆமா, இப்ப தண்ணியும் நான்தான். புது ஆள் போடலை. போடவும் மாட்டாங்க. ஷெட்டே இருக்கப்போறதில்லையே. விதை இல்லாத செடிக்கு எதுக்கு ஷெட்டுன்னு மேலிடத்துல கேட்டுட்டாங்க. இந்தத் தடவைப் பூ முடியற வரைக்கும் டைம். இந்த வாரத்தோட பூ முடியுது. திங்கக்கிழமை தக்காளி நாத்து வருதாம், தட்டை எல்லாம் காலி பண்ணணும்.

மேடம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மலைக்குப் போறாங்க. அந்தச் சரிவுல இப்ப ரோடு ஓடுது. ஓரத்துல எங்கயாவது ஒண்ணு, கல்லுக்கடியில ஒண்ணு தப்பியிருக்காதான்னு தவழ்ந்து தேடுறாங்க. போன வாரம் செருப்பு வார் அறுந்து, ஒரு கால்ல செருப்போட வந்து இறங்கினாங்க. கையில ஒண்ணுமில்ல. முட்டியெல்லாம் சிராய்ப்பு. நான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். ஏதாவது சொல்லணுமாம்மான்னு கேட்டாங்க. முகத்துல என்ன தெரிஞ்சுதோ. இல்ல மேடம்னுட்டேன்.

டிக்கெட்டா? எடுத்துட்டேன் அண்ணே. தோட்டம். இதோ.

எங்க விட்டேன்? ஆமா, பூட்ஸ். நேத்து தட்டு கழுவ ஷெட்டைக் காலி பண்ணச் சொன்னாங்களா, பூட்ஸை எங்க போடுறதுன்னு ஒரு கேள்வி வந்துச்சு. குப்பையில போட மனசு வரலை. காலையில ஆறரைக்கே கிளம்பிட்டேன் அவர் வீட்டுக்கு. பையில பூட்ஸ். என்ன பேசணும்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். பரிட்சைக்குப் போற மாதிரி. அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இப்படித் தொடங்கறதா, இல்ல முதல்ல பூட்ஸைக் குடுக்கறதான்னு அதுக்கே ரெண்டு ஸ்டாப் போச்சு.

டயர் கடைக்குப் பின்னாடி மூணாவது மாடி. படிக்கட்டுல விளக்கு கிடையாது. ஒரே ரூம்க்கா. ஒரு பக்கம் கட்டில், கட்டில் மேல தலையணை உறையா அடுக்கியிருந்துச்சு. அண்ணி தையல் மெஷின்ல உக்காந்து உறை தச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்கு இடம் பண்ண நாப்பது உறையத் தரையில இறக்கினாங்க. அண்ணன் இப்ப வண்டி கழுவப் போறாராம், லாரி ஷெட்டுல. பாரு பூனை, என்னைய விட்டாலும் குழாய் என்னைய விடலைன்னு சிரிச்சாரு. பூட்ஸைப் பார்த்ததும் எடுத்து, டியூப் ஒட்டின இடத்தக் கட்டை விரலால தடவினாரு. இன்னும் பிடிச்சிருக்கே, நல்ல ஒட்டுன்னாரு.

நான் சொல்லலாம்னு நிமிர்ந்தேன். நேரா கண்ணு போய் நின்ன இடம் ஜன்னல்.

கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ஒரு பால்பவுடர் டப்பா. இந்த டப்பா. முதல்ல ஏதோ செடின்னுதான் நினைச்சேன். அப்புறம் இலை. அப்புறம் ஓரத்துச் சிவப்பு. மணி எட்டரை இருக்கும், கிழக்கு ஜன்னல், வெயில் நேரா அது மேலதான் அடிக்குது. மூத்தவளா இருந்தா எட்டுக்கே விரிஞ்சிருக்கணும். இது நல்லாத் தூங்கிக்கிட்டு இருக்கு, மூணு பூவும்.

ஜன்னல்கிட்டப் போய்க் குனிஞ்சேன்.

நான் பார்க்கறத அவர் பார்த்துட்டாரு. முகம் அப்படியே விழுந்துடுச்சுக்கா. பூட்ஸைக் கீழ வச்சாரு. மேடம் அனுப்பினாங்களா, இத வாங்கிட்டு வரச் சொன்னாங்களான்னு கேட்டாரு. இல்லைன்னு தலையாட்டினேன். அவரே சொல்ல ஆரம்பிச்சிட்டாரு. எண்ணிக்கை நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி மக்குக் குழியில இலை கொட்டப் போனாராம். அங்க இளையவளோட துண்டுங்க கிடந்துச்சாம், அழுகி, கறுத்துப்போய். யாரோ கொட்டியிருக்காங்க. அதுல ஒரே ஒரு துண்டுல ஒரு கணு மட்டும் பச்சையா இருந்துச்சாம். பொறுக்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு. வேர் விட்டா கொண்டுவந்து குடுக்கலாம்னு. ஆனா எங்க தோட்டத்துல ஒரு சட்டம், ஒரு இலை வெளிய போனாலும் திருட்டு. கேட்லயே எழுதிப் போட்டிருக்கும். இது வேர் விடறதுக்குள்ள எண்ணிக்கை நாளும் வந்துடுச்சு. ஷெட்டுல இளையவ இருநூறு நிக்கறா. சரி, அங்கதான் இவ்வளவு இருக்கே, இது ஒண்ணு நம்ம வீட்ல இருக்கட்டும், பொண்டாட்டிக்குப் பிடிச்சிருக்குன்னு விட்டுட்டாராம்.

அப்புறம் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டு, இளையவ விஷயம் தெரிஞ்சு போச்சுன்னதும், அவர் நினைச்சது இந்த டப்பாவை. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சாரு. அதான் ஒத்துக்கிட்டாரு.

அந்தப் பரிசோதனைப் பேப்பர் என்னன்னே அவருக்குத் தெரியாதுக்கா. யாரும் சொல்லலை. திருடிட்டுத்தான் வேலை போச்சுன்னு நாலு மாசமா இதப் பார்த்துக்கிட்டே, இதுக்குத் தண்ணியும் ஊத்திக்கிட்டு இருந்திருக்காரு. டம்ளர்ல.

எடுத்துட்டுப் போ பூனைன்னாரு. மலையில கிடைச்சுதுன்னு சொல்லிடு. என் பேரைச் சொல்லாத, திரும்பவும் அந்தம்மா முகத்தப் பார்க்க முடியாதுன்னாரு. அண்ணிதான் டப்பாவ எடுத்துத் துடைச்சுக் குடுத்தாங்க, சாயாம இருக்க நாலு உறைத்துணிய அடியில வச்சு. இந்தத் துணிதான். நான் சரிண்ணேன்னு வாங்கிட்டு வந்துட்டேன்.

இல்லக்கா. சொல்லலை.

மனப்பாடம் பண்ணினது எல்லாம் வேற கணக்குக்கு. நாலு மாசமா நான் நினைச்சிக்கிட்டு இருந்தது என்னன்னா, எனக்காகத்தான் அவர் அந்தப் பழிய ஏத்துக்கிட்டாருன்னு. பூனை பாவம், வாயில்லாத பொண்ணுன்னு. அதுக்கு எப்படி நன்றி சொல்றது, எப்படி மன்னிப்பு கேக்கறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டுப் போனேன். அங்க போனா, அவருக்கு என் விஷயமே தெரியலை.

என் விஷயம்னா... லேபிள் எழுதினது நான்தானேக்கா.

எங்க அக்காவுக்குப் பிரசவ நேரம். நாலு நாள் ஊருக்குப் போக வேண்டியிருந்துச்சு. இளையவகிட்டேர்ந்து வெட்டின துண்டு தட்டுல இருந்துச்சு. எண்ணிக்கைக்கு இருநூறு வேணும்னு பேராசையில தாய்ச்செடியவே மொட்டையடிச்சு வெட்டியிருந்தேன், அடிக்கணு வரைக்கும். காயாம இருக்கட்டும்னு தட்டு மேல பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடி, நான் வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன். நிழல்வலைய ஒரு பக்கம் சுருட்டி விட்டிருந்தத மறந்துட்டேன். நாலு நாள் வெயில் நேரா அடிச்சிருக்கு. வந்து ஷீட்டைத் தூக்கினா ஒரு வாடை. எல்லாம் கறுப்பு, கூழ். தாய்ச்செடியும் காய்ஞ்சு நிக்குது. அன்னிக்கு சனிக்கிழமை, திங்கக்கிழமை எண்ண வர்றாங்க.

மேடம் பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க. கதவு தொறந்துதான் இருந்துச்சு. மூணு தடவை வாசல் வரைக்கும் போனேன். மூணாவது தடவை, என்னம்மான்னாங்க. ஒண்ணுமில்ல மேடம், பென்சில்னேன். குடுத்தாங்க.

அந்தப் பென்சில்லதான் எழுதினேன். கூழ மக்குக் குழியில கொட்டிட்டு, மூத்தவ வேர் விட்டு மிச்சம் இருந்துச்சு நிறைய, அதையெல்லாம் சட்டியில வச்சு, ரெண்டு ரெண்டு ரெண்டுன்னு இருநூறு லேபிள். அப்புறம் இளையவளைத் திரும்பக் கொண்டுவந்துடலாம், மலையில இன்னும் இருக்கும்னு ஏதோ ஒரு நினைப்பு. இன்னும் அந்த எழுத்து அப்படியே இருக்குக்கா. பென்சில்ல.

பார்த்தீங்களா. பாருங்க, பாருங்க. நடுவுல இருக்கறது. விளிம்பு லேசா விட்டுக்குடுக்குது. மணி? பத்து இருபத்தெட்டா. ரெண்டு நிமிஷம் முந்திட்டா. பஸ் ஆட்டத்துல முழிப்பு வந்துடுச்சு போல.

ஆமா, நல்ல மஞ்சள்தான்.

இன்னிக்கே பிரஷ் எடுத்தா விதை வந்துடும்க்கா. ஷெட்டுல மூத்தவ பூ இன்னும் நாலஞ்சு நாள் நிக்கும். இந்த மூணு பூ போதும், தொடங்கறதுக்கு. மலையில கிடைச்சுதுன்னு சொல்லிடலாம். பஸ் ஏறும்போது அதுதான் முடிவு. மேடம் அழுதுடுவாங்க சந்தோஷத்துல. தக்காளி நாத்து வேற எங்கயாவது போகும். யாருக்கும் ஒண்ணும் ஆகாது. அவர் லாரி கழுவிக்கிட்டு இருப்பாரு, திருடன்னு தன்னையே நினைச்சிக்கிட்டு. அது ஒண்ணுதான்.

ஏறினதுலேர்ந்து இந்த லேபிளக் கையில வச்சிக்கிட்டு இருக்கேன், எழுத வரலை. செடி, ரெண்டு. தேதி தெரியும். எங்க கிடைச்சதுங்கற இடத்துல மலைன்னு எழுதணும். ரெண்டு எழுத்து. இருநூறு லேபிள் அரை நாள்ல எழுதினவ நான்.

அக்கா, ஒரு நிமிஷம் இதப் பிடிச்சுக்கறீங்களா? ரெண்டு கையாலயும். அப்படித்தான். துணியோட.

அண்ணன் நம்பர் போன்ல எப்பவும் இருக்கு. எடுத்து எடுத்துப் பார்த்துட்டு வச்சிடுவேன்.

அண்ணே? நான்தான். பூனை. ஆமாண்ணே, பஸ்லதான். செடிக்கு ஒண்ணும் ஆகலை, விரிஞ்சிடுச்சு. இல்ல, அதுக்கில்ல. ஒண்ணு சொல்லணும். மக்குக் குழியில அதக் கொட்டினது நான். லேபிள் மாத்தினதும் நான். கேக்கலையா? லாரி ஷெட்டுலயா இருக்கீங்க? இங்கயும் ஒரே இரைச்சல். இல்ல, அப்புறம் பேசறேன்னு வைக்காதீங்கண்ணே. வைக்காதீங்க. சத்தமாவே சொல்றேன்.

இருநூறு லேபிளையும் பொய்யா எழுதினது நான் அண்ணே. மேடம் அன்னிக்குக் கேட்டது அதைத்தான். உங்க டப்பாவை இல்ல. அவங்களுக்கு இந்த டப்பா இருக்கறதே தெரியாது.

அண்ணே? லைன்ல இருக்கீங்களா?

ஆமா, நான்தான். நாலு மாசமா.

இல்ல, நான் குடுக்க மாட்டேன். நீங்கதான் மேடம் கையில குடுக்கணும். நான் பக்கத்துல நின்னு சொல்றேன், எல்லாத்தையும். அடுத்த பஸ்ல ஏறுங்க. பூட்ஸைப் போட்டுக்கிட்டு வாங்கண்ணே, ஷெட்டுல சேறு. நான் கேட் வாசல்ல நிக்கறேன்.

குடுங்கக்கா டப்பாவ. அடுத்த ஸ்டாப் நான்.